சமூகப்பணி முதலாம் ஆண்டு: மதுரை வட்டார மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் பட்டம்) அல்லது எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலைப் பட்டம்) சேர்ந்து, ‘சமூகப்பணி அறிமுகம்’ தாளையும் முதல் களப்பணியையும் ஒரே நேரத்தில் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதியது இது. புத்தகத்தில் கிடைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, களத்தில் கால் இடறும் இடங்களில் கூடுதல் நேரம் நிற்கிறோம்.

சமூக சேவைக்கும் சமூகப்பணிக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். தாகத்தோடு வந்தவர் மோர் குடித்ததும் அந்த வேலை முடிந்தது. அது சேவை. அதே தெருவில் வருஷம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல், பெண்கள் நடுராத்திரியில் குடத்தோடு காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு, எந்தக் குழாய், எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுத்து, அந்தப் பெண்களையே கூட்டிப் பேசவைத்து, வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் தொடர்ந்தால் அது சமூகப்பணி. இரண்டும் ஊருக்கு வேண்டும். ஆனால் இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும், முறை வேண்டும், செய்ததற்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு வேண்டும். மூன்று வருஷமோ இரண்டு வருஷமோ படிப்பது அதற்காகத்தான்.

முதல் பருவத்தில் என்னதான் நடத்துவார்கள்?

கல்லூரிக்குக் கல்லூரி தாளின் பெயர் மாறும். உள்ளடக்கம் பெரிதாக மாறாது. வரலாறு, நெறிகள், ஆறு முறைகள் ஆகிய மூன்றும் எங்கும் உண்டு. தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு ஆகியவை நேரடி முறைகள். வகுப்பில் இவற்றை கேஸ் ஒர்க், குரூப் ஒர்க், கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் என்றுதான் சொல்வார்கள். சமூகநல நிர்வாகம், சமூகச் செயல்பாடு, சமூகப்பணி ஆராய்ச்சி ஆகிய மூன்றும் துணை முறைகள்.

வரலாற்றில் 1936-இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளியும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் கட்டாயம் வரும். இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் பற்றியும் நாலைந்து பக்கம் இருக்கும். அதையெல்லாம் மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். நம் ஊர் வரலாற்றைக் கூடவே வைத்துப் படித்தால்தான் பாடம் புரியும். சமூகச் செயல்பாட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டால், 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததை எழுதுங்கள். யாரைத் திரட்டினார்கள், யார் எதிர்த்தார்கள், பிறகு சட்டம் எப்படித் துணைக்கு வந்தது என்று அடுக்கடுக்காக ஆராய அதில் இடம் உண்டு. நலத்திட்டமும் கண்காணிப்பும் ஒரே வண்டியில் வரும் என்பதற்கு உசிலம்பட்டிப் பக்கம் பாருங்கள். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதே சட்டத்தின் நிழலில் பிறந்ததுதான் கள்ளர் சீரமைப்புத் துறை. அதன் பள்ளிகளில் படித்து முன்னேறிய குடும்பங்கள் ஏராளம். ‘சீரமைப்பு’ என்ற சொல்லை வகுப்பில் ஒரு மணி நேரம் வைத்துப் பேசலாம்.

பி.எஸ்.டபிள்யூ. படிக்காமல் எம்.எஸ்.டபிள்யூ. சேர முடியுமா?

முடியும். ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். முதல் இரண்டு மாதம் கலைச்சொற்கள் மலைப்பாக இருக்கும், அவ்வளவுதான். பி.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சரி.

களப்பணி எத்தனை நாள்? என்ன கொண்டுபோக வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள். முதல் சில வாரம் ‘ஓரியண்டேஷன் விசிட்’: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, அரசு மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று கூட்டமாகப் போய்ப் பார்ப்பீர்கள். அதன்பிறகு ஒரு நிறுவனத்திலோ கிராமத்திலோ ஊன்றி வேலை. இடையில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கிராம முகாம். ஒவ்வொரு வாரமும் துறை ஆசிரியரோடு தனிச் சந்திப்பு இருக்கும். அதை ‘கையெழுத்து வாங்கும் நேரம்’ என்று நினைத்து வீணாக்காதீர்கள். படிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடையாள அட்டை, கல்லூரி தந்த அனுமதிக் கடிதத்தின் நகல் இரண்டு, சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு, தண்ணீர் பாட்டில், சில்லறை. செல்லம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் உள்ளே போகிறவர்கள் கடைசி டவுன் பஸ் நேரத்தை முதல் நாளே நடத்துநரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மாணவிகளுக்குச் செலவு குறைவு. ஆனால் அந்த பஸ் போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோதான். அதற்கு இருவராகப் போவது நல்லது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது உங்கள் சூப்பர்வைசருக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறேன். எப்படித் தொடங்குவது?

நேரத்தைப் பார்த்துப் போங்கள். காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது, வேலைக்குப் போயிருப்பார்கள். ஒன்பதுக்கு முன்போ நான்கரைக்குப் பின்போ ஆள் பிடிக்கலாம். பூப்பறிக்கும் வீடுகள் விடியலிலேயே கிளம்பிவிடும், மதியம் ஓய்வாக இருக்கும். ஊருக்கு ஊர் இது மாறும். டீக்கடையில் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும்.

வாசலில் நின்று குரல் கொடுங்கள். “அம்மா, நான் காலேஜ்ல இருந்து வர்றேன். சமூகப்பணி படிக்கிறேன். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். அழைத்தால் மட்டும் உள்ளே. திண்ணையில் உட்காரச் சொன்னால் திண்ணையே போதும். அவர் தரையில் உட்கார்ந்து உங்களுக்கு நாற்காலி போட்டால், நீங்களும் தரைக்கு வந்துவிடுங்கள்.

வயதில் மூத்தவரை அம்மா, ஐயா, அப்பத்தா, தாத்தா என்று அழைக்கலாம். வயதானவர் ஏழை என்பதற்காக ‘வா, போ’ என்று பேசும் பழக்கம் அலுவலகங்களில் இருக்கிறது; அதைக் கற்றுக்கொண்டு வராதீர்கள்.

நோட்டை முதல் பத்து நிமிஷம் திறக்க வேண்டாம். எழுதுவதற்கு முன் “இதைக் குறிச்சுக்கிடலாமா?” என்று கேளுங்கள். ‘ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்பது மோசமான முதல் கேள்வி. பிரச்சினை இருக்கிற எவரும் முன்பின் தெரியாதவரிடம் ‘ஆமாம்’ என்று சொல்லமாட்டார். “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர், விறகு, கூலி, குழந்தை, குடிக்கிற கணவன், முட்டிவலி எல்லாம் அந்த ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது “செஞ்சு தர்றேன்” என்று சொல்லாதீர்கள். “விசாரிச்சுட்டு அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்றேன்” என்று சொல்லுங்கள். சொன்ன வியாழக்கிழமை, பதில் கிடைக்காவிட்டாலும், போய் நில்லுங்கள். பல ஊர்களில் உங்களுக்கு முன் வந்த மாணவர்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கடனையும் நீங்கள்தான் அடைக்க வேண்டும்.

“நீ என்ன ஆளுகப்பா?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கேட்பார்கள், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள். நேரடியாகக் கேட்காதவர் “எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன” என்று சுற்றி வருவார். கோபப்பட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். “காலேஜ்ல இருந்து எல்லாத் தெருவுக்கும் போகச் சொல்லியிருக்காங்கய்யா. யார் வீட்டுலயும் அதைச் சொல்லிட்டுப் போகக்கூடாதுன்னு எங்களுக்கு விதி” என்று பணிவாகச் சொல்லலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் பேச்சை வேலைக்குத் திருப்புங்கள்.

இதைவிட முக்கியம், உங்கள் கால் எங்கே போகிறது என்பது. முதல் நாள் ஊர்த் தலைவர் வீட்டில் சாப்பிட்டு, இரண்டாம் நாள் காலனிக்குப் போய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வந்தால், நீங்கள் வாய் திறக்காமலே பதில் சொல்லியாயிற்று. ஒரு வீட்டில் குடித்தால் எல்லா வீட்டிலும் குடியுங்கள்.

களப்பணி அறிக்கையில் ‘திரும்ப எழுது’ என்றே வருகிறது. என்ன தப்பு?

பத்தில் எட்டு அறிக்கைகள் ஒரே காரணத்துக்காகத் திரும்புகின்றன: பார்த்ததும் நினைத்ததும் கலந்து கிடக்கும். ஓர் எடுத்துக்காட்டு.

‘அந்தக் குடும்பம் மிகவும் வறுமையில் வாடுகிறது. கணவன் பொறுப்பில்லாதவர். குழந்தைகள் கவனிப்பாரற்று இருக்கிறார்கள்.’

இந்த மூன்று வாக்கியத்திலும் நீங்கள் கண்ணால் கண்டது ஒன்றுகூட இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

‘மாலை 4.40-க்குச் சென்றேன். ஓர் அறை, தகரக் கூரை. மூத்த மகள் (9 வயது) அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இளையவன் (3 வயது) அவள் இடுப்பில் இருந்தான். மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றாள். காரணம் கேட்டதற்கு, “அம்மா களையெடுக்கப் போயிருக்கு, தம்பிய யாரு பாக்குறது” என்றாள். கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதாகவும் இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்றும் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். மனைவியிடம் இன்னும் உறுதி செய்யவில்லை.’

இப்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது: மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கன்வாடி, ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பள்ளி ஆசிரியர், தாயுடன் ஒரு தனிப் பேச்சு. கணவரைப் பற்றிய தீர்ப்பு எதற்கும் தேவைப்படவில்லை.

சந்திப்பின் நோக்கம், கண்டது, கேட்டது (யார் சொன்னது என்பதோடு), நான் செய்தது, என் கருத்து, அடுத்த சந்திப்பில் செய்ய வேண்டியது என்று ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘என் கருத்து’ தனிப் பத்தியாகவே இருக்கட்டும். அன்றிரவே எழுதுங்கள், இரண்டு நாள் கழித்து எழுதினால் அவர் சொன்ன சொல் போய் உங்கள் சொல் வந்துவிடும். பெயருக்குப் பதில் எழுத்தோ எண்ணோ போடுங்கள். ஊர்ப் பெயர், தெரு, வயது, நோய் நான்கையும் ஒன்றாக எழுதினால் பெயரே இல்லாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தமிழில் எழுதலாமா என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றாலும், மக்கள் சொன்ன வார்த்தையை மட்டுமாவது தமிழிலேயே வைத்துவிடுங்கள். ‘மனசு கெடந்து அடிச்சுக்கிடுது’ என்று அந்த அம்மா சொன்னதை ‘டிப்ரஷன்’ என்று மாற்றி எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை.

ஜெனோகிராம் (குடும்ப உறவுப் படம்) வரையும்போது கோடுகள் சிக்கிக்கொள்கின்றன.

மூன்று தலைமுறை வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குள் பெருக்கல் குறி. கணவன் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம். பிள்ளைகள் மூத்தவரிலிருந்து இடமிருந்து வலமாக. நீங்கள் சந்திக்கும் நபருக்கு இரட்டைக் கரை. பிரிந்து வாழ்ந்தால் மணக்கோட்டில் ஒரு சாய்கோடு, மணமுறிவு என்றால் இரண்டு.

நம் பக்கத்தில் சிக்கல் வருவது உறவுக்குள் கல்யாணத்தால். அத்தை மகனைக் கட்டியவர், தாய்மாமனைக் கட்டியவர் எல்லாரும் படத்தில் இரண்டு இடத்தில் வருவார்கள். ஆளை இரண்டுமுறை வரையாதீர்கள். ஒருமுறை மட்டும் வரைந்து, மணக்கோட்டை இரட்டைக் கோடாக நீட்டி இழுங்கள். தாய்மாமன் என்றால் அது தலைமுறை தாண்டிச் சாய்வாகப் போகும். முதலில் பென்சில்.

காசு கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம் என்பதே எல்லாக் கல்லூரிகளும் சொல்வது, காரணத்தோடுதான். நீங்கள் கொடுக்கும் 200 ரூபாய் அடுத்த தெருவுக்கு மாலைக்குள் தெரிந்துவிடும். அதற்குப்பின் உங்களிடம் யாரும் உண்மை நிலையைச் சொல்லமாட்டார்கள், கிடைக்கக்கூடிய நிலையைச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து வேறு கதை: 108-ஐ அழைப்பதற்கும், பசியில் இருப்பவருக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தருவதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். செய்துவிட்டு அறிக்கையில் எழுதுங்கள்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்கிறார்கள். எங்கே சிக்குகிறது?

முதலாமாண்டு மாணவர் கையில் அதிகம் வரும் வேலை இதுதான். 60 வயது கடந்த ஆதரவற்றவருக்கு மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். பாதை நேரானது. சிக்கல் காகிதத்தில்.

ஒரு பாட்டியின் காகிதங்களை வாங்கித் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். ரேஷன் கார்டில் ‘கருப்பாயி’, ஆதாரில் ‘கருப்பாயம்மாள்’, வங்கிப் புத்தகத்தில் ‘கே. கருப்பாயி’. ரேஷன் கார்டின்படி வயது 68, ஆதாரின்படி 57. ஆதார் எடுத்த அன்று யாரோ தோராயமாக ஒரு வருஷம் சொல்லியிருப்பார்கள். இப்படியே மனு போட்டால் ‘வயது நிறைவடையவில்லை’ என்று திரும்பும். முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும். பிறந்த தேதியைத் திருத்த ஒரேயொரு முறைதான் வாய்ப்பு என்பதால், எந்தச் சான்றை வைத்து எந்தத் தேதி போடுகிறோம் என்று உறுதி செய்துகொண்டு போங்கள். அவசரத்தில் தப்பாகத் திருத்திவிட்டால் பிறகு படாத பாடு. வங்கிக் கணக்கு நெடுநாள் பயன்படாமல் முடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உத்தரவு வந்தும் பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மனு எண், பதிந்த தேதி இரண்டையும் உங்கள் நோட்டிலும் பாட்டி வீட்டுச் சுவர்க் காலண்டரிலும் எழுதிவையுங்கள். நகர்வு இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு மனு கொடுக்கலாம்.

‘மகன் வசதியாக இருக்கிறார்’ என்று தள்ளுபடி ஆவதும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) அப்போது நினைவுக்கு வர வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை உத்தரவாகலாம். இதைச் சொன்னதும் பல தாய்மார்கள் “எம் பிள்ளை மேலயா? வேணாஞ்சாமி” என்பார்கள். அப்போது வற்புறுத்தக்கூடாது. தனிநபர் பணிக்கு 1957-இல் பீஸ்டெக் வகுத்த ஏழு நெறிகளில் ‘தானே முடிவெடுக்கும் உரிமை’ என்று படிக்கிறீர்களே, அது இந்தத் திண்ணையில்தான் சோதனைக்கு வருகிறது. வழி இருக்கிறது என்று தெரியப்படுத்துவது உங்கள் வேலை. அந்த வழியில் நடப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. மூத்தோருக்கான 14567 எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்; மூன்று மாதம் கழித்து அவரே கேட்கக்கூடும்.

ரகசியம் காக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையுமா?

இல்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் களத்துக்குப் போகக்கூடாது.

18 வயதுக்கு உட்பட்ட குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ தெரியவந்தால், போக்சோ சட்டம் (2012) 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. மாணவருக்கு விலக்கு இல்லை. ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு கடமை முடிவதில்லை. தகவல் காவல்துறைக்குப் போனதா என்பதை உறுதி செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள், போனில் பதிவு செய்யாதீர்கள், அடையாளம் வெளியே தெரியும்படி எங்கும் எழுதாதீர்கள். “யார்ட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுக்கவே கூடாது. “நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லப்போறேன்” என்பது போதும்.

மதுரை ஜங்ஷனிலோ மாட்டுத்தாவணியிலோ தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால், வீட்டுக்கு நீங்களே கூட்டிப்போய் விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓடிவந்ததே வீட்டிலிருந்துதானோ என்னவோ. 1098-க்கோ ரயில்வே போலீசுக்கோ சொல்லுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் அந்தக் குழந்தை நிறுத்தப்பட வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம் (2015). 18 நிறையாத பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்று தெரிந்தாலும் இதே எண்தான். மாவட்ட சமூகநல அலுவலருக்கும் சொல்லலாம்.

மனநோய் உள்ளவரைச் சங்கிலியில் கட்டிவைத்திருப்பதைக் கண்டால் அது குடும்ப விஷயம் என்று திரும்பிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆனாலும் கட்டிய தாயைக் குற்றவாளியாகப் பார்த்துப் பேசத் தொடங்கினால் கதவு அடைபட்டுவிடும். இரவில் ஓடிக் கிணற்றில் விழுந்துவிடுவானோ என்ற பயத்தில் கட்டியிருப்பார். மருந்து, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள், வண்டி ஆகிய மூன்றுக்கும் வழி சொன்னால் சங்கிலியைக் கழற்றும் பேச்சைத் தொடங்கலாம்.

ஒருவர் “செத்துறலாம் போல இருக்கு” என்று சொன்னால்?

பேச்சுவழக்கு என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: “உயிரை விடணும்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது; கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆறுதல்தான் வரும். எப்படி, எப்போது என்று பதில் இருந்தால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள். அவர் சம்மதத்தோடு, முடியாவிட்டால் சம்மதம் இல்லாமலும், வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து பரணிலோ கட்டிலுக்கடியிலோ இருக்கும். அன்றே அது அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். 14416 கட்டணமில்லா மனநல உதவி எண், 104-லும் பேசலாம். உங்கள் சூப்பர்வைசருக்கு அங்கிருந்தபடியே போன் செய்யுங்கள். முதலாமாண்டு மாணவர் தனியாகச் சுமக்க வேண்டிய பாரம் இல்லை இது.

குரூப் ஒர்க்குக்கு எத்தனை பேர்?

எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஆறு முதல் எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். பள்ளியில் ஐம்பது பேருக்கு விழிப்புணர்வு உரை நிகழ்த்திவிட்டு ‘குரூப் ஒர்க்’ என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது அமர்வில் சண்டை வரும், இரண்டு பேர் வரமாட்டோம் என்பார்கள். அது தோல்வி இல்லை. குழு வளரும் கட்டங்களில் டக்மன் 1965-இல் சொன்ன இரண்டாம் கட்டமான மோதல் அதுதான். மகளிர் சுய உதவிக் குழுவில் உங்களை விட்டால் முதல் மாதம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். பதிவேடு யார் கையில் இருக்கிறது, கடன் முதலில் யாருக்குப் போகிறது, யார் பேசும்போது மற்றவர்கள் தரையைப் பார்க்கிறார்கள் என்பதைக் குறியுங்கள்.

கிராம முகாமில் ஊர் வரைபடம் போடச் சொல்கிறார்கள். எப்படி?

மக்கள் வரைய வேண்டும், நீங்கள் இல்லை. கோலமாவு இரண்டு கிலோ, செங்கல் பொடி, புளியங்கொட்டை ஒரு படி, கொஞ்சம் வேப்பிலை. நன்றாகக் கூட்டித் தெளித்த தரை. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் இருட்டுவதற்குள் முடியும். முதலில் கோயில், கண்மாய், பஸ் நிறுத்தம் போன்ற எல்லாருக்கும் தெரிந்த இடங்களை அவர்களையே போடச் சொல்லுங்கள். பிறகு தெருக்கள், வீடுகள், குழாய், தெருவிளக்கு. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. கோலமாவை ஒரு பெண்ணின் கையில் கொடுங்கள். ஆண்கள் கையில் கொடுத்தால் ஒருவரே முழுவதும் போட்டுவிடுவார். பெண்கள் போட்டால் தண்ணீர்க்குழாயும் விறகு பொறுக்கும் இடமும் தவறாமல் வரும்.

எங்கே போடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான முகாம்கள் தவறுகின்றன. ஊர்ச் சாவடியோ கோயில் முற்றமோ வசதியாக இருக்கும். ஆனால் சில ஊர்களில் அங்கே காலனி மக்கள் வந்து உட்கார முடியாது. அவர்கள் வராவிட்டால் வரைபடத்தில் காலனி ஓர் ஓரமாக, எத்தனை வீடு என்றே இல்லாமல், வெறும் வட்டமாக நிற்கும். பள்ளி மைதானம் போன்ற பொது இடத்தில் போடுங்கள். அதுவும் ஒத்துவராது என்றால் இரண்டு இடத்தில் தனித்தனியாகப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊரின் இரண்டு படங்களில் எந்தக் குழாய் எதில் இல்லை என்பதே உங்கள் அறிக்கையின் மையமாகிவிடும்.

முடித்ததும் மேலிருந்து படம் எடுங்கள், பெரிய தாளில் அப்படியே பிரதி எடுங்கள், தேதியும் வந்தவர் எண்ணிக்கையும் எழுதுங்கள். பிரதி ஒன்று ஊரிலேயே இருக்கட்டும்.

இலவச முகாம் போட்டும் ஆள் வரவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் கண் முகாம் நடத்தியதில் கற்ற பாடம், அறுவை சிகிச்சையை இலவசமாக்கினால் மட்டும் போதாது என்பது. பஸ் செலவு, கூட வரும் ஆள், சாப்பாடு, அன்று இழக்கும் கூலி, பயம் எல்லாம் தடையாக நிற்கின்றன. முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு அதனால் வந்தது. உங்கள் முகாமுக்கு வராத பத்துப் பேரின் வீட்டுக்குப் போய், வராததற்குக் காரணம் கேட்டு எழுதுங்கள். நூறு பேர் வந்தார்கள் என்ற கணக்கைவிட அந்தப் பத்துக் காரணங்கள் பெறுமானம் உள்ளவை.

படித்து முடித்தால் என்ன வேலை?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனை, தொண்டு நிறுவனம், தொழிற்சாலையின் பணியாளர் நலப் பிரிவு, பள்ளி ஆலோசனை. அரசு சார்ந்த பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்தே சேருங்கள். மனநல சமூகப்பணியாளர் ஆவதற்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் தனிப் படிப்பு வேண்டும். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல எல்லாச் சமூகப்பணியாளருக்குமான பதிவு மன்றம் நம் நாட்டில் இல்லை. சம்பளம் ஏற்ற இறக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கணினியில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கும், பைக் ஓட்டத் தெரிந்தவருக்கும் முதல் வேலை சீக்கிரம் கிடைக்கிறது.

பருவம் முடிந்துவிட்டது. களத்திலிருந்து எப்படி விடைபெறுவது?

கடைசி நாள் அல்ல, மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள். “அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை, அதுக்கப்புறம் வரமாட்டேன்” என்று ஒவ்வொரு வீட்டிலும் தேதியோடு சொல்லுங்கள். முடியாத மனுக்களைப் பட்டியலிட்டு, மனு எண், எந்த அலுவலகம், கடைசியாக யார் என்ன சொன்னார் என்று வரிக்கு வரி எழுதி, ஒரு பிரதியை நிறுவனத்துக்கும் இன்னொன்றை அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கும் கொடுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் அவரவர் மனு எண்ணைத் துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் போன் எண்ணைக் கொடுப்பதா என்பதைச் சூப்பர்வைசரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கொடுத்தால், எடுக்க வேண்டும்.